கூடத்துக் கோல்ஃப்

சிமெண்டுத் தரையில் கோல்ஃப் பந்து உருளும்போது எழும் ஓசை, வெறும் வாணலியில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை வறுபடும் ஓசையைப் போல கரகரவென்றிருக்கும். அது நின்றதும் பந்து எங்கே போய் முட்டியது என்பதை அடுத்த ஓசை சொல்லிவிடும்: 'ணங்' என்றால் எவர்சில்வர் டம்ளர், 'டொக்' என்றால் சுவர், ஒன்றுமே கேட்கவில்லை என்றால் பந்து சமையல்கட்டுக்குள் புகுந்துவிட்டது, அடுத்து அம்மாவின் குரல்தான் கேட்கும். நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம், திண்டிவனத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் காலை முதல் பொழுது சாயும்வரை இந்த ஓசை ஓயவே ஓயாது.

அத்தா என்று நான் கூப்பிடும் என் அப்பா வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை பார்த்தார். குழியைச் சுற்றியிருக்கும் வழவழப்பான புல்தரையை 'க்ரீன்' என்பார்; விடியற்காலையில் அதை ஒட்ட வெட்டுவதும், பழைய குழியை மூடிவிட்டு வேறிடத்தில் புதுக் குழி எடுப்பதும் அவர் வேலை. எனக்கு நினைவு தெரிந்த நாளாக எப்போதாவது விருந்தாளி மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தவர், மைதானத்தைப் பராமரித்த கம்பெனி கைமாறியதில் வேலை போய் அந்த வருஷம் மொத்தமாக ஊர் திரும்பிவிட்டார். கம்பளிகளோடும் பேரீச்சம்பழ டப்பாக்களோடும் ஒரு இரும்புக் கம்பும் வந்து இறங்கியது. பந்தைக் குழிக்குள் தள்ளுகிற மட்டை அது. அதன் அடிப்பகுதி ஆடுகிறதென்று எவரோ வீசி எறிந்ததை எடுத்து முறுக்கி வைத்திருந்தார். "இன்னா பாய், ஹாக்கி மட்டையா?" என்று தெருவில் கேட்டவர்களிடம் "இல்ல, இதுக்கு பட்டர்னு பேரு" என்று அவர் சொல்ல, வெண்ணெய் எடுக்கிற சாமானாக்கும் என்று எதிர்வீட்டில் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

'ஒரே வாரத்தில் விசா வந்துவிடும்' என்று சென்னை ஏஜென்ட் சொன்ன அந்த ஒரு வாரம் மாதக்கணக்கில் நீண்டது. அத்தாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பாட்டின் நடுவே எழுந்து வாசலுக்குப் போவார், செல்போனை எடுத்துப் பார்ப்பார், கடைசியில் மட்டையைக் கையில் எடுத்துக்கொள்வார். கூடத்தின் ஒரு முனையில் டம்ளரைப் படுக்க வைத்து, சாக்பீஸால் தரையில் கோடு இழுத்து, கோட்டின் மேல் பந்தை வைத்துத் தள்ளுவார். வலது கையை மேலே பிடித்துப் பார்ப்பார், கீழே பிடித்துப் பார்ப்பார், டம்ளரை அருகே நகர்த்துவார், மறுபடி தள்ளி வைப்பார். பந்து மட்டும் கோட்டை விட்டு விலகியே போகும். "இவ்ளோ வருஷமா குழி எடுத்தவன், ஒரு பந்த அதுல போட முடியலியே" என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வார்.

"கையி காலு சும்மா இருக்காதாங்க உங்களுக்கு? பந்து அரிசிப்பானைக்குப் பின்னால போய் மாட்டிக்கினு கீது, பேஜாராப் போச்சி" என்பாள் அம்மா.

விழுப்புரத்தில் டைல்ஸ் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து ஒரே பேச்சைப் பேசுவார்: "அங்க வெயில்ல புல்லு வெட்டனது போதும் மச்சான். எங்கடையில வந்து குந்துங்க. பொண்ணு வளருது." அத்தா "பாக்கலாம் மாப்ள" என்று சொல்லிவிட்டுப் பந்தைத் தள்ளுவார்.

எனக்கு எது நடக்கவேண்டும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூட வாசலில் சைக்கிளோடு அவர் நிற்பதும், என் சிநேகிதிகளின் பெயரையெல்லாம் தப்புத் தப்பாகச் சொல்லிக் கூப்பிடுவதும் அப்போதுதான் பழகியிருந்தன. செல்போன் அடிக்கும்போதெல்லாம் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்பேன்.

ஒரு மதியம் அது அடித்தது. விசா வந்துவிட்டது, நாளை மறுநாள் சென்னையில் இருக்கவேண்டும். அத்தா பரணிலிருந்து பெட்டியை இறக்கினார், இரண்டு சட்டைகளை வைத்தார், பிறகு பெட்டியைத் திறந்தபடியே விட்டுவிட்டு மட்டையை எடுத்தார். அன்றுபோல் என்றும் அவர் தவறவிட்டதில்லை. ஒவ்வொரு பந்தும் ஒவ்வொரு திசையில் ஓடியது.

சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த அம்மா, டம்ளருக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அடிக்கறதுக்கு முன்னாடியே தலைய தூக்கிட்றீங்க. அது எங்க போவுதுன்னு பாக்கறதுக்கு அவ்ளோ அவசரம். தரையவே பாத்துக்கினு அடிங்க. உள்ள போச்சின்னா நான் சொல்றேன்."

அத்தா குனிந்து, தலை நிமிராமல் அடித்தார். 'ணங்'. மறுபடியும் 'ணங்'. மாதக்கணக்கில் வராதது அந்தச் சில நிமிஷங்களில் வந்துவிட்டதில் அவர் முகம் சிறுபிள்ளை முகமாகிவிட்டது.

அம்மா டம்ளரைக் கூடத்தின் கோடிக்கு நகர்த்தி வைத்தாள். "அங்கேர்ந்து அடிச்சி இதுக்குள்ள போச்சின்னா, நீங்க போவக்கூடாது."

"இது இன்னா வெளையாட்டா, ஜைனபு?"

"இத்தினி நாளா வெளையாட்டுதானே வெளையாடிக்கினு இருந்தீங்க? அடிங்க."

அத்தா வெகுநேரம் குனிந்தே நின்றார். மூலையில் வீட்டுப்பாடத்தோடு உட்கார்ந்திருந்த நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு டம்ளரையே பார்த்தேன். அவர் அடித்தார், தலை நிமிரவில்லை. பந்து கோணாமல் நேராகத்தான் வந்தது, ஆனால் வேகம் போதவில்லை. டம்ளருக்கு ஒரு சாண் முன்னால் தயங்கி நின்றே விட்டது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. கையை நீட்டினாள், விரல் நுனியால் பந்தை உள்ளே தள்ளினாள்.

'ணங்'.

"உள்ள போயிட்சி" என்றாள்.

அத்தா உடனே நிமிரவில்லை. நிமிர்ந்தபோது டம்ளரையும் பார்க்கவில்லை. மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, பெட்டியிலிருந்த சட்டைகளை எடுத்துக் கொடியில் போட்டார். அடுத்த திங்கட்கிழமை காலை விழுப்புரம் பஸ் ஏறினார். மாமாவின் கடையில் அவருக்கு முதலில் பொருந்தவே இல்லை. வாடிக்கையாளர் வந்தால் உள்ளேயும் வராவிட்டால் வெளியேயுமாக நடந்துகொண்டே இருந்தார். பிறகு தரை போடும் ஆட்களோடு கோலியனூர் பக்கம் வீடு வீடாகப் போக ஆரம்பித்ததும் கொஞ்சம் நிலைகொண்டார்.

போன மாதம் அந்தத் திண்டிவனத்து வீட்டை இடித்தார்கள். அங்கே ஜவுளிக்கடை வரப்போகிறதாம். பார்த்துவிட்டு வரலாம் என்று அத்தாதான் கூப்பிட்டார். சமையல்கட்டும் பரணும் போய், கூரையில்லாத கூடம் மட்டும் வெயிலில் கிடந்தது. அதன் கோடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அன்னிக்கி அந்தப் பந்து உள்ள போவல. கம்மியாத்தான் அடிச்சேன், அடிச்சப்பவே கையில தெரிஞ்சிபோச்சி."

நான் திகைத்து, "அப்போ ஏன் அத்தா அம்மாவக் கேக்கல?" என்றேன்.

"கேட்டிருந்தா நான் போயிருக்கணுமேம்மா" என்றவர், என் பக்கம் திரும்பி, "அவகிட்ட சொல்லிடாத" என்றார்.

பொக்லைன் கூடத்துக்குள் இறங்கித் தரையைப் பெயர்க்கத் தொடங்கியது. தூசி எழும்பவே, என் கையைப் பிடித்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போனார்.