லாம்பெக் அல்லது டிலார்ட்

முதல் நாள் ஆமோஸ் டிலார்ட் அந்தச் சைக்கிளை மிதித்தபோது முழங்கால் இரண்டும் கைப்பிடியில் இடித்தன. அவன் ஆறடி நான்கு அங்குலம். சைக்கிளோ முன்னால் கூடை வைத்த பெண்கள் சைக்கிள். அதன் சொந்தக்காரி அவனுடைய தலைக்கவசத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பக்கத்திலேயே வேகநடை நடந்து வந்தாள். முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலை அவன் ஏறி உட்கார்ந்தபோது கால் தாராளமாக நீண்டது. இருக்கை நான்கு விரற்கடை உயர்ந்திருந்தது. இருக்கைக் கம்பியில் துருவுக்குக் கீழே ஒரு துண்டு புதுசாய்ப் பளபளத்தது. பல வருடம் குழாய்க்குள் இறுகிக் கிடந்ததை எண்ணெய் விட்டு, தட்டி, மல்லுக்கட்டி இழுத்திருக்கிறார்கள். அவள் கட்டைவிரலில் பிளாஸ்திரி. நன்றி சொல்ல ஆமோஸ் வாயெடுப்பதற்குள் அவள் வானத்தைப் பார்த்து, மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

அவள் பெயர் ஆர்டிஸ் வேண்டர்லூப். வயது ஐம்பத்தேழு. பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில் பிள்ளைகளை ஏற்றிவரும் ஏழாம் நம்பர் பஸ் ஓட்டுவாள். கோடையில் காலைப் பூசை முடிந்ததும் சைக்கிளை உருட்டிக்கொண்டு சாயர்ஸ் அணியின் அரங்க வாசலுக்கு வந்துவிடுவாள். போர்ட் லாமெர் ஊரில் அது வழக்கம். உடை மாற்றும் அறையிலிருந்து பயிற்சித் திடல் கால் மைல் தூரம். ஆட்டக்காரர்கள் ஊர் ஜனங்களின் சைக்கிளில் ஏறிப் போவார்கள். சைக்கிள்காரர் தலைக்கவசத்தைச் சுமந்துகொண்டு கூட ஓடுவார். ஒருவன் ஒரு சைக்கிளைத் தொட்டுவிட்டால் ஆகஸ்ட் முடியும்வரை அதுதான் அவனுக்கு. பெரும்பாலும் பிள்ளைகள்தான் வந்து நிற்பார்கள். ஆர்டிஸும் எட்டு வயதில் அப்படி வந்து நின்றவள்தான். அந்த வருடம் முந்நூறு பவுண்டு எடையுள்ள ஒருவர் உட்கார்ந்து அச்சை முறித்துவிட்டார். முறிந்த அச்சு இன்றும் அவள் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது. வளர்ந்த பிறகு வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அவளும் நிறுத்தவில்லை.

ஆமோஸ் அலபாமாவிலிருந்து வந்தவன். அமெரிக்கக் கால்பந்தில் அவன் வேலை குவார்ட்டர்பேக். எதிராளிகள் மேலே வந்து விழுவதற்குள் பந்தை எறிகிற வேலை. இது அவனுக்கு மூன்றாவது பயிற்சி முகாம். முந்தைய இரண்டு அணிகளும் ஆகஸ்ட் கடைசியில் கைகுலுக்கி அனுப்பிவிட்டன. ஊரில் மாமாவின் டயர் கடையில் அவனுக்காக ஒரு இடம் காலியாய் இருந்தது. இந்த முறையும் அனுப்பிவிட்டால் இனிமேல் பந்தைத் தொடுவதில்லை என்று தாயிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான். தாய் அழவில்லை; சரிப்பா என்று மட்டும் சொன்னாள். அதுதான் அவனுக்கு அதிகமாய் உறைத்தது.

சாயர்ஸ் அணியில் முதல் குவார்ட்டர்பேக் யார் என்பதில் சண்டை இல்லை. இரண்டாவது ஆள் யார் என்பதில்தான் சண்டை. சீசனுக்கு முன் மூன்று ஒத்திகை ஆட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பயிற்சியாளர் ஆட்டக்காரர்களின் வரிசைப் பட்டியலை வெளியிடுவார். அந்த வருடம் இரண்டாம் வரிசையில் ஒரு பெயருக்குப் பதில் இப்படி இருந்தது: லாம்பெக் அல்லது டிலார்ட்.

கர்ட் லாம்பெக் அதே மாவட்டத்துப் பையன். அவன் அப்பாவின் பண்ணைப் பாலில் செய்த சீஸைத் தின்றுதான் பாதி ஊர் வளர்ந்தது. ஆனால் ஊரின் நாக்கில் ஏறியது அவன் பெயர் அல்ல, நடுவில் நின்ற அந்த ‘அல்லது’தான். முடிதிருத்தும் கடையிலும் பங்குக் கோயில் வாசலிலும் அதற்கு வியாக்கியானம் நடந்தது. இருவரும் சமம், அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை என்றார் பங்குச் சாமியார். சமமென்றால் எழுத்து வரிசைப்படி டிலார்ட்தானே முன்னால் வரவேண்டும், டி முதலா எல் முதலா என்று ஆர்டிஸ் மடக்கினாள். பயிற்சியாளர் மனசில் லாம்பெக் இருக்கிறான், அவர் வாய் மறைத்ததைப் பட்டியல் சொல்லிவிட்டது என்பது அவள் கட்சி. சாமியார், வேதாகமத்தில்கூட இவ்வளவு நுணுக்கமாய் யாரும் தன்னிடம் கேள்வி கேட்டதில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இதெல்லாம் ஆமோஸுக்குத் தெரியாது. முதல் ஒத்திகை ஆட்டம் முடிந்த மறுநாள் மாலை, மோட்டலுக்குத் திரும்பும் வழியில் காரில் உள்ளூர் ரேடியோவைத் திருப்பினான். ரசிகர்கள் போன் பண்ணிப் பேசும் நிகழ்ச்சி. நடத்துகிறவர் டெனிஸ் என்பவர். ‘வாங்க ஏழாம் நம்பர், நேத்தே எதிர்பார்த்தேன்’ என்று அவர் சொன்னதும் ஒரு பெண்குரல் கேட்டது.

“டெனிஸ், நான் சொல்றதைக் கேளுங்க ஒருக்கா. டிலார்ட் பையனுக்குக் கை இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா பந்தை வச்சுக்கிட்டு நிக்கிறான் பாருங்க, பனியில கையுறையத் தொலைச்சவன் மாதிரி. எறியுறவனைக் காக்குற நம்ம முன்வரிசைக்காரங்க இந்த வருஷம் நனைஞ்ச அட்டைப்பெட்டி. அந்த அட்டைப்பெட்டிக்குப் பின்னால நின்னா அவன் ஆஸ்பத்திரிக்குத்தான் போவான். லாம்பெக் வாங்கின உடனே எறிஞ்சிடுறான். நமக்கு லாம்பெக்தான்.”

சிவப்பு விளக்கு பச்சையாகி, பின்னால் இருந்த லாரிக்காரர் ஹாரன் அடிக்கும்வரை ஆமோஸ் நகரவில்லை. ‘ஒருக்கா’ என்று முடிக்காமல் அந்த ஊரில் யாரும் பேசுவதில்லை. அதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. குரலை வைத்துக் கண்டுபிடிக்கலாம். தினமும் காலையில் காதுக்கு ஒரு முழம் தள்ளி நடந்து வருகிற குரல் அது. ஆர்டிஸ் தன் பஸ் நம்பரையே ரேடியோவில் பெயராக வைத்திருக்கிறாள்.

அவன் கோபப்பட்டான். பிறகு சிரித்தான். பிறகு மறுபடியும் கோபப்பட்டான். மறுநாள் சைக்கிளில் ஏறும்போது ஒன்றும் சொல்லவில்லை. அவளும் எதுவும் நடக்காத மாதிரி, கணவர் நார்பின் மூட்டுவலியைப் பற்றியும் சோளத்துக்கு இந்த வருடம் மழை போதாததைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தாள். அவனுக்கென்று ஒரு பொட்டலம் பாலாடைக் கட்டித் துண்டும் கொண்டுவந்திருந்தாள். பல்லில் கடித்தால் கிறீச்சிடும் பதம். அதைத் தின்றுகொண்டே பயிற்சிக்குப் போனான். மாலையில் காரில் அதே குரல், அவன் கால் கொக்குக்கால் என்றது.

இரண்டாவது ஆட்டத்தில் கடைசிக் கால்பகுதி முழுவதும் ஆமோஸை இறக்கினார்கள். எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்க்கும் டச்டவுன் இரண்டு எறிந்தான். ஊர் அவன்மேல் காதல்கொண்டது. பலசரக்குக் கடை வாசலில் அவன் பெயரை எழுதி வைத்தார்கள். அடுத்த பட்டியலில் பெயர்கள் இடம் மாறியிருந்தன: டிலார்ட் அல்லது லாம்பெக். அன்று மாலை ரேடியோவில் பேசிய பதினோரு பேரில் பத்துப் பேர் டிலார்ட் கட்சி. பதினோராவது ஏழாம் நம்பர்.

“ஆகஸ்ட் டச்டவுன் இனிப்புச் சோளம் மாதிரி டெனிஸ். பறிச்ச அன்னிக்கே தின்னுடணும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் வச்சா வெறும் மாவு. கடைசிக் கால்பகுதியில அவனுக்கு எதிரா நின்னவங்க யாரு? அடுத்த வாரம் இன்சூரன்ஸ் விக்கப் போறவங்க.”

மறுநாள் காலை ஆமோஸால் பொறுக்க முடியவில்லை. பாதி வழியில் பிரேக்கைப் பிடித்து, ஏழாம் நம்பர் நேற்றும் தன்னைப் பற்றிப் பேசினார்களாமே என்று சாதாரணமாய்க் கேட்டான். ஆர்டிஸ் நின்றுவிட்டாள். தலைக்கவசம் கையிலிருந்து நழுவப் பார்த்தது. கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்துபோனாள்.

“எத்தனை நாளாத் தெரியும்?”

“முதல் ஆட்டத்துலேர்ந்தே தெரியும்மா.”

“பாலாடைக் கட்டியத் தின்னப்பவும் தெரியுமா?”

“தெரியும்மா. நல்லா இருந்துச்சு.”

அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். “இப்பத்தான் நற்கருணை வாங்கிட்டு வரேன். நாக்கு இன்னும் காயல. இந்த வாயால பொய் சொல்ல மாட்டேன் தம்பி. நான்தான்.”

அப்படியானால் தனக்கு எதற்குச் சைக்கிள் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டான். அவள் இதில் என்ன சந்தேகம் என்பதுபோல் அவனைப் பார்த்தாள்.

“சைக்கிள் உனக்கு. கருத்து டீமுக்கு.”

ஆமோஸ் சிரித்த சிரிப்பில் சைக்கிள் சாய்ந்தது. பின்னால் வந்த சின்னச் சைக்கிள்களும் பெரிய ஆட்டக்காரர்களும் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். மீதி வழியில் அவன் டயர் கடையைப் பற்றிச் சொன்னான். தாயிடம் சொன்னதையும் சொன்னான். திடல் வாசலில் தலைக்கவசத்தைக் கொடுக்கும்போது ஆர்டிஸ், நல்ல முன்வரிசை இருக்கிற அணியில் அவன் ராஜாவாக இருப்பான், ரேடியோவில் அதைச் சொல்ல டெனிஸ் நேரம் கொடுப்பதில்லை என்றாள்.

மூன்றாவது ஆட்டத்தில் ஆளுக்கு ஒரு பாதி. லாம்பெக் பதினான்கு முறை எறிந்து பதினொன்றைத் தன் ஆட்களிடம் சேர்த்தான். சட்டையில் புல் ஒட்டவில்லை. ஆமோஸ் பந்தை வைத்துக்கொண்டு நின்று மூன்று முறை தரையில் விழுந்தான். நாலாவது முறை, இடுப்பைப் பிடித்துத் தொங்கிய ஒருவனையும் இழுத்துக்கொண்டு அறுபது கஜம் எறிந்தான். அதைப் பிடித்தவன் எல்லைக்கோட்டைத் தாண்டியபோது அரங்கமே எழுந்து நின்றது. தென்கோடிப் பார்வையாளர் வரிசையில் மழைக்கோட்டோடு குதித்துக்கொண்டிருந்தவள் ஆர்டிஸ். நார்ப் அவளைப் பார்த்து, எந்தக் கட்சியடி நீ என்று கேட்டார். பந்து காற்றில் இருக்கும்போது கட்சி கிடையாது என்றாளாம்.

அன்று மாலையும் ரேடியோவில் அவள் ஒருத்திதான் லாம்பெக் பக்கம்.

“என் கருத்து மாறல. அந்தத் தம்பி நல்ல பையன். அவனை அனுப்புற அன்னிக்கு நான் ரேடியோ கேக்க மாட்டேன். அவ்வளவுதான் டெனிஸ்.”

செவ்வாய்க்கிழமை பட்டியலை ஐம்பத்துமூன்று பேராகச் சுருக்கினார்கள். காலையில் ஒருவர் வந்து ஆமோஸின் தோளைத் தொட்டு, பயிற்சியாளர் கூப்பிடுகிறார், ஆட்டத்திட்டம் ஏற்றிய கணினிப் பலகையையும் எடுத்துக்கொண்டு வா என்றார். அந்தப் பலகையைத் திரும்பக் கேட்டால் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று அர்த்தம்; அது அவனுக்கு இரண்டு முறை பழக்கம். பயிற்சியாளர் மரியாதையாகவே பேசினார். முன்வரிசை பலவீனமாக இருக்கிறது, சீக்கிரம் எறிகிற ஆள்தான் இந்த வருடம் தேவை என்றார். கேட்டுக்கொண்டிருந்த ஆமோஸுக்கு, அவரும் அந்த ரேடியோவைக் கேட்பாரோ என்று தோன்றியது.

அணியிலிருந்து விடுவிக்கப்பட்டவனை வேறு அணிகள் மறுநாள் காலைக்குள் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். முந்தைய இரண்டு தடவையும் யாரும் கேட்கவில்லை. புதன்கிழமை காலை பெட்டிகளைக் காரில் ஏற்றி, அலபாமா போகும் வழியில், சொல்லிக்கொள்ளாமல் போகக்கூடாது என்று வேண்டர்லூப் வீட்டு வாசலில் நிறுத்தினான்.

பின்கட்டில் நார்ப் பெரிய இரும்புக் கொப்பரையில் கோழியும் மாட்டெலும்பும் காய்கறியும் போட்டு ‘பூயா’ காய்ச்சிக்கொண்டிருந்தார்; பங்குத் திருவிழாவுக்கு. துடுப்பு மாதிரி நீண்ட கரண்டி. அவனைக் கண்டதும் ஒரு கிண்ணத்தை எடுத்து வைத்தார். ஆர்டிஸ் சமையலறையிலிருந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. தான் சொன்னபடியே நடந்துவிட்டது, அதில் ஒரு பருக்கை சந்தோஷமும் கிடைக்கவில்லை என்றாள். நீங்கள் சொன்னது சரிதானே அம்மா என்றான் ஆமோஸ். சரியாக இருப்பது சில நாள் தண்டனை என்றாள் அவள்.

நார்ப் கிண்ணத்தில் ஊற்றக் கரண்டியைத் தூக்கியபோது ஆமோஸின் போன் அடித்தது. அவனுக்காகப் பேசுகிற முகவர். ஆமோஸ் கேட்டான், உட்கார்ந்தான், எழுந்தான், தோட்டத்தில் ஒரு சுற்று நடந்தான். போனை வைத்ததும் அவன் முகத்தில் சிரிப்பு ஒருபக்கம், கலவரம் ஒருபக்கம்.

“என்னை எடுத்துக்கிட்டாங்கம்மா. ஐம்பத்துமூணு பேர்ல நான் ஒருத்தன். ரெண்டாவது ஆள். அல்லது கில்லது ஒண்ணும் இல்ல.”

“எந்த டீம் தம்பி?”

அவன் முதலில் நார்பின் கரண்டியைப் பார்த்தான். “ஹேமர்ஸ்.”

நார்பின் கரண்டி அந்தரத்தில் நின்றது. ஹேமர்ஸ் என்பது தெற்கே மூன்று மணி நேரத்தில் இருக்கும் பெருநகரத்து அணி. போர்ட் லாமெரில் அந்தப் பெயரைச் சொல்லி வைதால்தான் சண்டை முற்றியதாக அர்த்தம். இந்த வீட்டில் அந்த அணியின் நிறமான ஆரஞ்சில் துண்டுகூட வாங்குவதில்லை. போதாததற்கு, அவர்களுடைய முன்வரிசை கோட்டைச்சுவர் என்பது ஊரறிந்த சங்கதி. ஆர்டிஸ் கணக்குப் போட்டுப் பார்த்தது அவள் முகத்திலேயே தெரிந்தது. பந்தை வைத்துக்கொண்டு நிற்கிறவனும், அவனை நிற்கவிடுகிற சுவரும்.

“கடவுளே, நல்லா ஆடுவானே இவன்” என்றாள் மெதுவாக. பிறகு அழுத அதே கண்ணோடு சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை. சமையல் ஏப்ரன் நுனியை வாயில் பொத்திக்கொண்டு கொப்பரையைப் பிடித்துச் சுதாரித்து, சுட்டுக்கொண்டு, மறுபடியும் சிரித்தாள்.

கரண்டி இன்னும் இறங்கவில்லை. “ஊத்துங்க நார்ப். பிள்ளை இன்னும் நம்ம வீட்டுலதான் நிக்கிறான்” என்றாள். நார்ப் பெருமூச்சு விட்டு ஊற்றினார். ஹேமர்ஸ்காரனுக்குத் தன் கையால் ஊற்றியதை ஆலையில் கூட வேலை செய்யும் நண்பர்களிடம் எப்படிச் சொல்வேன் என்று முனகிக்கொண்டே இரண்டாம் கிண்ணமும் ஊற்றினார். மூன்றாவதில் கோழித்தொடை ஒன்றை முழுசாகத் தேடி எடுத்துப் போட்டார்.

ஆமோஸ் தாயிடம் போனில் சொன்னபோது அந்தப் பக்கம் எழுந்த கூச்சலைப் பின்கட்டில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். ஆர்டிஸ் போனை வாங்கி, முன்பின் தெரியாத அந்தத் தாயோடு கால் மணி நேரம் பேசினாள். அவன் சாப்பாட்டைப் பற்றித்தான் பேச்சு. ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சாயங்காலத்துக்குள் அவன் புது ஊர் போய்ச் சேரவேண்டும். கார்வரை ஆர்டிஸ் கூட வந்தாள். இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரம் பூயாவை வைத்து, அது சாயாமலிருக்க நாலு பக்கமும் துண்டு சுற்றினாள். ஜன்னல் வழியாகக் கை நீட்டி, அவன் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்தாள். ஆமோஸ் சாவியைத் திருப்பிவிட்டு, தனக்காக ஜெபிப்பீர்களா அம்மா என்று கேட்டான்.

நாங்கள் உங்களோடு வருஷத்துக்கு ரெண்டு தடவை ஆடுகிறோம் இல்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றான்.

“அந்த ரெண்டு ஞாயிறு நீயே பாத்துக்கணும் தம்பி. மத்த எல்லா ஞாயிறும் முழங்கால்ல நின்னு ஜெபிப்பேன்.”