பிறக்காதவர்களுக்கு ஒரு நாற்காலி

ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவுக்கு இன்னொரு போர்வெல் போடலாமா என்று முடிவெடுக்கக் கூட்டம் கூடியது. நிலத்தடி நீரை வருங்காலத் தலைமுறைக்கு மிச்சம் வைக்கும்படி வாதிட உரை எழுதியிருந்தேன். அத்தலைமுறையின் பெயரால் என் பக்கத்தில் ஒரு காலி நாற்காலியும் போட்டிருந்தேன். நிறைமாதக் கர்ப்பிணியான எதிர்வீட்டு அக்கா வந்து அதில் அமர்ந்தார்.

"அக்கா, இது இன்னும் பிறக்காதவங்களுக்கான இடம்," என்றேன் தயங்கி.

"அப்போ சரியாத்தான் உக்காந்திருக்கோம் கண்ணு. வயித்துல இருக்கறதைக் குளிப்பாட்டத் தண்ணி வேணும். எங்க ஓட்டு போர்வெல்லுக்கு."

கூட்டம் சிரித்தது, கைகள் உயர்ந்தன. நான் வாசிக்காத உரையில் அந்தக் குழந்தையின் கொள்ளுப்பேரர்கள்கூட இருந்தார்கள். அதன் முதல் குளியல் இல்லை. அக்காவுக்கு வியர்த்தது. விசிறிக்கொள்ள என் தாள்களைக் கேட்டார். கூட்டம் முடியும்வரை என் வாதம் வருங்காலத்திற்குக் காற்று வீசியது.