ஜன்னத் அமுக்கிய ஆம்

ஜன்னத் பீவிக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் இருந்து அதனால் பட்டவள் நான். கூத்தாநல்லூரில் எங்கள் தெருப் பெண்ணைப் பற்றி விசாரிக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றால், முதல் வேலையாக ஜன்னத்தை எங்காவது அனுப்பிவிடுவோம். ஒருமுறை அனுப்ப மறந்துபோனோம். சஃபியா மகளுக்கு உடம்புக்கு ஏதும் உண்டா என்று வந்தவர்கள் கேட்க, மழைக்காலத்தில் இழுப்பு வரும், மருந்து உறிஞ்சினால் அடங்கிவிடும் என்று இவள் சொல்லிவிட்டாள். வந்தவர்கள் டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்துவிட்டார்கள். சஃபியா ஒரு வருஷம் இவளோடு பேசவில்லை. ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, கேட்டார்கள், சொன்னேன், கட்டிக்கொண்டு போன இடத்தில் இழுத்தால் அப்போது என்ன செய்வார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

இன்னொரு முறை மாட்டிக்கொண்டவர் இராஜாங்கம். ஜன்னத்தின் புருஷன் முபாரக்குக்கு ஊருக்கு வெளியே கொஞ்சம் நஞ்சை உண்டு. அதைக் குத்தகைக்குப் பார்த்தவர் இவர். ஐப்பசி மழையில் சம்பா மூழ்கிக் கிடந்தபோது, சேதம் கணக்கெடுக்க வந்த அதிகாரி பட்டா யார் பெயரில் என்று விசாரித்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். முழுசும் போய்விட்டதா என்றார். பாதிதான் போயிருக்கிறது, மேட்டுப் பக்கம் பயிர் நன்றாக நிற்கிறது என்றாள் இந்த மகராசி. இராஜாங்கம் தலையில் கையை வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதிகாரி போன பிறகு, "நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தாலே போதுமேம்மா" என்றார், பாவம். அடுத்த போகத்துக்கும் அவரே பார்த்தார். நெல்லை அளக்கும்போதும் இவள் அப்படித்தான் என்பது அவருக்குத் தெரியும்.

முபாரக் கல்யாணமான வருஷமே வளைகுடாவுக்குப் போனவர். அங்கே ஒரு ஓட்டல் அடுப்படியில் வேலை. வந்து போவது எப்போதாவதுதான். வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து அறைக்குத் திரும்பியதும் போனில் முகம் காட்டுவார். எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதுதான் குடும்பம் நடத்துகிற முறை. நாங்களெல்லாம் அங்கே இருப்பவர் மனசு நோகக்கூடாதென்று நல்லா இருக்கீங்க, கலரா ஆயிட்டீங்க என்று அடித்துவிடுவோம். ஜன்னத் மட்டும் போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கன்னம் ஒட்டிப்போச்சு, கண்ணுக்குக் கீழே கருத்துப்போச்சு, தூங்குறீங்களா இல்லையா என்று ஒரு பாட்டம் கேட்பாள். முபாரக் சிரிப்பார். ஊரில் ஒருத்தியாவது எனக்கு உண்மையைச் சொல்கிறாளே என்பார்.

பேசி முடித்ததும் உள்ளறைக்குப் போவாள். அங்கே மாமியார் கமருன்னிஸா கட்டிலோடு இருக்கிறார். சர்க்கரையில் கண் இரண்டும் போய்விட்டது. மகன் குரல் போனில் கேட்கும், முகம் தெரியாது. அதனால் ஒவ்வொரு வெள்ளியும், "எப்படி இருக்கான்?" என்று மருமகளைத்தான் கேட்பார். இவள் கன்னம் முதற்கொண்டு ஒன்று விடாமல் சொல்லுவாள். இளைத்திருந்தால் இளைத்திருக்கிறார் என்றுதான் சொல்லுவாள். கிழவிக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனாலும் வேறு யார் சொன்னாலும் நம்பமாட்டார்.

முகம் பார்த்துப் பேசுகிற அந்த ஆப் போனுக்குள் இருக்கிற ப்ளே ஸ்டோர் கடையில் கிடைத்தது கிடையாது. எல்லாரும் வைத்திருக்கிற ஆப்பில் முபாரக் இருக்கிற நாட்டில் எழுத்து போகும், பேச்சு எடுக்காது. அங்கே அனுமதித்த ஆப்புக்கு மாசச் சந்தா. அதனால் அவர் அறையில் இருக்கிற மீரா உசேன் எங்கிருந்தோ ஒரு ஃபைலைப் பிடித்து அனுப்பினார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். அதைத் தொட்டால் ஆப் ஏறிவிடும். ஏறுவதற்கு முன்னால் போன் சுத்தத் தமிழில் எச்சரிக்கும், இது அறியப்படாத மூலத்திலிருந்து வருகிறது என்று. அதைப் படித்துவிட்டு நாங்கள் சிரித்த சிரிப்பு. மூலத்துக்குப் போனில் எதற்கு வைத்தியம், மன்னார்குடியில் டாக்டர் இருக்கிறாரே என்று சஃபியா சொல்ல, தெருவே ஆறு மாசம் அதை மூல ஆப் என்றுதான் கூப்பிட்டது.

அப்புறம் சிரிப்பு நின்றது. சஃபியா மகளுக்கு வேறு நல்ல இடம் அமைந்து நிக்காஹ்வுக்கு நாள் குறித்திருந்தார்கள். பத்திரிகையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். சஃபியா நம்பரிலிருந்தே கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைல் வந்தது. பத்திரிகை வந்து திறந்து பார்க்காமல் இருந்தால் வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிறுத்திய மாதிரி. எல்லாரும் திறந்தோம். போன் மூலம், மூலம் என்று கத்தியதை யார் மதித்தார்கள்? சஃபியா போனுக்குள் எவனோ புகுந்து அனுப்பியது அது. பாதித் தெருவுக்கு பேங்க்கில் இருந்தது துடைத்துக்கொண்டு போனது. ஆகவே இப்படி வெளியிலிருந்து வருகிற ஆப்புக்கெல்லாம் போன்காரன் பிறகு பூட்டுப் போட்டதை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் தெரு வாங்கிய அடி அப்படி. அப்டேட் என்று ஒன்று வந்தது, மறுநாள் மூல ஆப் எல்லார் போனிலிருந்தும் காணாமல் போயிருந்தது.

அதற்குப் பிறகு முபாரக் கார்டு போட்டுச் சாதாரணமாகப் பேசினார். வெறும் குரல்தான். ஜன்னத்துக்கு அது பிடிக்கவே இல்லை. இளைத்திருக்கிறீர்களா என்று கேட்டால் இல்லை என்கிறார், பார்க்காமல் எப்படி நம்புவது என்று என்னிடம் வந்து புலம்புவாள். மாமி கேட்டால், தெரியவில்லை மாமி, குரல் நன்றாக இருக்கிறது என்பாள். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல அவளால் முடியாது.

குறுவை நடவு நடந்துகொண்டிருந்த நாட்களில் முபாரக் தூக்கத்திலேயே மவுத்தானார். காலையில் எழுப்பப் போன மீரா உசேன்தான் முதலில் பார்த்தார். நெஞ்சடைப்பு என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். அங்கேயே அடக்கம் செய்துவிடுங்கள் என்று ஜன்னத் சம்மதம் கொடுத்தாள். எங்கே மவுத்தாகிறேனோ அங்கேயே மண் போடுங்கள், பெட்டியில் கட்டி அனுப்பாதீர்கள் என்று அவர் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார். இன்னொன்றும் சொல்லியிருந்தார். கூட வேலை பார்த்து இறந்துபோன ஒருவருடைய மையத்தைப் போட்டோ எடுத்து யாரோ குரூப்பில் போட, அது ஊர் ஊராகச் சுற்றி, மூக்கில் பஞ்சோடு அந்த முகம் இவர் போனுக்கே நாலு பேரிடமிருந்து வந்திருக்கிறது. என்னை மட்டும் படம் எடுத்துவிடாதீர்கள் என்று மீரா உசேனிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார்.

அதனால் மீரா உசேன் ஒரு வழி வைத்திருந்தார். படம் எடுப்பது வேறு, நேரில் பார்ப்பது வேறு. மையத்தைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றி, முகத்தை மூடுவதற்கு முன்னால் ஜன்னத்துக்கு வீடியோவில் காட்டிவிடுவது. மதியம் லுஹர் தொழுகையோடு ஜனாஸா தொழுது அடக்கம். அதற்குள் முகம் பார்த்துவிடலாம், கவலைப்படாதே என்று முந்தின நாளே அவளிடம் சொல்லியிருந்தார். ஜன்னத்தும் அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் நாளைக்கு முகம் காட்டுகிறார்களாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூல ஆப் எங்கள் போன்களில் இல்லை என்பது மீரா உசேனுக்கு அந்த அவதியில் மறந்துபோயிருந்தது. எங்களுக்கும் அந்த நினைப்பு வரவில்லை. இழவு வீட்டில் எதுதான் நினைவுக்கு வருகிறது.

அடக்கத்தன்று காலையில் அவர் கூப்பிட்டுப் பார்த்தார், இங்கே மணி அடிக்கவில்லை. சாதாரணமாகக் கூப்பிட்டு விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, சந்தா ஆப்பை முயன்றார். அவருடைய கம்பெனி சிம்மில் அது ஏறவில்லை. கடைசியில் பழைய ஃபைலையே ஜன்னத் போனுக்கு அனுப்பினார். தங்கச்சி, போன் என்ன கேட்டாலும் சரி சரி என்று அமுக்கிக்கொண்டே போ, குளிப்பாட்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்றார்.

ஜன்னத் வெள்ளைத் துணியில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தேன். போனின் அமைப்புகளுக்குள் போய், எங்கோ ஒளித்து வைத்திருந்த ஒரு பட்டனைத் திறந்து, விரல் ரேகை வைத்து, ஒவ்வொன்றாகத் தாண்டினோம். அந்த நேரம் பார்த்து உள்ளே மாமி வாய்விட்டு அழ ஆரம்பிக்க, நான் எழுந்து ஓடினேன். சஃபியா வந்து மாமிக்கு ஒரு தூக்க மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தாள். நான் திரும்பி வந்தபோது ஜன்னத் போனை என் பக்கம் நீட்டினாள். உங்கள் பாதுகாப்புக்காக இது நிறுத்தப்பட்டுள்ளது, ஒரு நாள் கழித்து முயலவும் என்று அதில் இருந்தது.

"என்னத்தடி அமுக்குனே?" என்றேன்.

"யாராச்சும் சொல்லிக்கொடுத்து இதைச் செய்யுறீங்களான்னு கேட்டுச்சு. ஆமான்னு அமுக்குனேன். நீயும் மீரா உசேன் அண்ணனும் சொல்லித்தானே செய்யுறோம்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைச் சுவரில் அடித்திருப்பேன். திருடன் பக்கத்தில் நின்று ஏமாற்றுகிறானா என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வி. அது எனக்குப் புரிகிறது. ஆனால் இழவு வீட்டில் எவள் தானாக எதையும் செய்கிறாள்? தலையில் துணி போடுவதைக்கூட நாலு பேர் சொல்லித்தான் செய்கிறோம். ஏமாற்ற வந்தவன் இல்லை என்று அமுக்கு என்று சொல்லிக் கொடுத்திருப்பான், அது வழி விட்டிருக்கும். உண்மையைச் சொன்னவளைப் பிடித்துப் பூட்டிவிட்டது. மையத்து அங்கே கிடக்கும்போது ஜன்னத் பொய் சொல்லியிருப்பாளா? மற்ற நாளிலேயே சொல்லமாட்டாள்.

வீட்டுக்கு ஓடி என் போனை எடுத்து வந்தேன். ஃபைலை வாங்கினேன். யாராவது சொல்லிக்கொடுக்கிறார்களா என்றது. இல்லை என்று அமுக்கினேன். போன் அணைந்து மறுபடி உயிர் வருவதற்குள் என் உயிர் போய்விட்டது. ஆப் ஏறியது. நம்பரைக் கேட்டது, குறியீடு அனுப்புகிறேன் என்றது, அந்தக் குறியீடு வருவேனா என்றது. ஜன்னத் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடையில் மீரா உசேன் கூப்பிட்டு, தொழுகைக்குத் தூக்குகிறார்கள், கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன், ஆஸ்பத்திரி வண்டி நிற்கமாட்டேன் என்கிறது என்றார். பிறகு அவர் போன் எடுக்கவில்லை.

வெகு நேரம் கழித்துக் குறியீடு வந்தது. நான் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்பக் கூப்பிட்டேன். ஒருவழியாக எடுத்தார். முதலில் வெயில்தான் தெரிந்தது. பிறகு ஆட்களின் கால்கள். மீரா உசேன் போனைத் திருப்பினார். மணல் நிறத்தில் ஒரு மேடு, இரண்டு பேர் கையால் மண்ணைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் தலைமாட்டில் கல் நட்டார். மீரா உசேன் ஏதோ சொல்ல முயன்று முடியாமல் அழுதார்.

ஜன்னத் போனை வாங்கி மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் அப்படித்தான் பிடிப்பாள். மேட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. மீரா உசேனாகவே போனை வைத்த பிறகுதான் கீழே இறக்கினாள்.

"நீ என்னன்னு அமுக்குனே?" என்று கேட்டாள்.

"இல்லைன்னு."

போனை என்னிடம் நீட்டினாள். பிறகு, "பொய் சொன்னா காட்டுது" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லாரையும் திட்டினேன்.

மறுநாள் காலையில் அவள் போனில் மணி அடித்தது. காத்திருந்ததற்கு நன்றி, நீங்கள் இப்போது தொடரலாம் என்று வந்திருந்தது. அவளுக்குப் படித்துக் காட்டினேன். அணைத்து வைக்கச் சொன்னாள். மாத்திரை மயக்கத்தில் கிடந்த மாமி அப்போதுதான் நன்றாகத் தெளிந்து, உள்ளறையிலிருந்து மருமகளைக் கூப்பிட்டார். ஜன்னத் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் வாசற்கால் பக்கம் நின்றேன். மாமி கையால் தடவி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்புள்ளை முகத்தைப் பார்த்தியாம்மா?"

இவள் இப்போது மணல் மேட்டைச் சொல்லப்போகிறாள், கல் நட்டதைச் சொல்லப்போகிறாள், கிழவி தாங்கமாட்டார் என்று ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"பார்த்தேன் மாமி."

"எப்படி இருந்தான்?"

"கன்னம் ஒட்டவே இல்லை. நல்லா நெறஞ்சு இருந்துச்சு. கண்ணுக்குக் கீழ கருப்பும் இல்லை. தூங்குற மாதிரிதான் இருந்தாங்க."

மாமி அல்ஹம்துலில்லாஹ் என்றார். பிடித்திருந்த கையை விட்டுவிட்டுத் தலையணையில் சாய்ந்தார்.

"ராத்திரி அரைத் தூக்கத்துல கேட்டப்போ சஃபியாவும் அப்படித்தான் சொன்னா. நான் நம்பலை. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

ஜன்னத் அவர் கால் மேல் போர்வையை இழுத்துவிட்டாள். நான் நின்ற பக்கம் அவள் திரும்பவில்லை.