ஒரு நாளைக்கு அரை லிட்டர்

என் கணவருக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். நான்கு வருட டயாலிசிஸில் அதற்குக் காவல் நான். காப்பி, ரசம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு வாய் கூடினால் வீட்டில் ரகளைதான். பாகான் டாலாமில் எங்கள் வரிசை வீடுகளில் என் குரல் கேட்காத நாள் கிடையாது.

பிறகு அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுன் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

“கிட்னி நல்லா இருந்தா கீமோ மருந்து தானா வெளிய போயிடும். இவருக்கு உடம்புலயே தங்கிடும். அளவக் கொறச்சுக் குடுத்து, மறுநாளே டயாலிசிஸ் செய்யணும். அப்படியும் வெள்ளை அணு இறங்கி, காய்ச்சல் வந்தா ஆபத்து.”

“போட்டுப் பாப்போம் லா,” என்றார் அவர். எனக்கும் ஆசைதான். ஆசை யாரை விட்டது?

முதல் ஊசியன்று தாதி ஒரு தாள் கொடுத்தார். நிறையத் தண்ணீர் குடிக்கவும் என்று அதில் இருந்தது. பட்டர்வொர்த்தில் டயாலிசிஸ் செய்யும் இடத்தில் காட்டினேன். “இது மத்தவங்களுக்கு, அக்கா. அண்ணனுக்குப் பழைய அளவுதான்,” என்றார்கள்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு வாயெல்லாம் புண். எச்சில் விழுங்கவே கண் கலங்கும். ஐஸைச் சீவிச் சர்க்கரைப் பாகு ஊற்றித் தரும் ஐஸ் காச்சாங் கடையைத் தாண்டும்போது, “ஒரே ஒரு கரண்டி,” என்று கெஞ்சினார். நான் காரை நிறுத்தவில்லை. விட்டால் நீர் கோத்து மூச்சு முட்டுமே என்று பயம். என் பிடிவாதம் எனக்கே கசந்தது.

அந்த வாரமே காய்ச்சல் வந்து, வார்டில் சேர்த்தோம். மறுநாள் காலையில் தண்ணீர் கேட்டார். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன்.

“நாளைக்கு டயாலிசிஸ் முடியட்டும், குடிக்கலாம். பொறுங்க.”

“நீ சொன்னா சரி,” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மத்தியானம் டாக்டரம்மா என்னை வெளியே அழைத்தார். “கிருமி ரத்தத்துல கலந்துருச்சு. இனி டயாலிசிஸ் தாங்க மாட்டாரு. அவரு என்ன கேட்டாலும் குடுங்க.”

உள்ளே ஓடினேன். டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் வைத்தேன். அவரால் விழுங்க முடியவில்லை. கடைவாய் வழியாக வழிந்து தலையணை நனைந்தது.

“குடிங்க, குடிங்க,” என்று அப்போதும் அவரிடம் சத்தம்தான் போட்டேன்.