எதிர்க்கடையும் சொன்ன செய்தி

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் செய்தி ஆசிரியரை ‘யாரு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நிருபர் எவராவது ‘என்று கூறப்படுகிறது’ என எழுதிக்கொண்டு வந்தால் போதும், வாசித்து முடிக்கும் முன்பே “யாரு கூறினது?” என்று கேட்டுவிடுவார். “எல்லாரும் பேசிக்கிறாங்கக்கா” என்று இழுத்தால், “சரி, எல்லாரோட போன் நம்பரையும் குடு” என்பார். அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நிருபர் அந்தக் கட்டடத்தில் இல்லை. மழை வரும்போல இருக்கு என்று சொல்லக்கூட வீட்டில் பயமாக இருக்கிறது என்று அவர் கணவர் உறவுக்காரர்களிடம் புலம்புவார்.

எதிர்த்தெருவில் இன்னொரு நிலையம் இருந்தது. அங்கே இதே வேலையைப் பார்த்தவரை இவர் ‘எதிர்க்கடைக்காரர்’ என்பார். இருவரும் எலியும் பூனையும்தான். ஒருவர் போட்ட செய்தியில் ஓட்டை அகப்பட்டால் மற்றவருக்கு அன்றைக்கு வயிறு நிறைந்துவிடும். இந்தச் சண்டையில் ஒரு வசதியும் இருந்தது. ஒரு செய்தியில் சந்தேகம் வந்தால் அக்கா எதிர்க்கடை டிவியைப் பார்ப்பார். அங்கேயும் அது வந்திருந்தால் உண்மைதான். அந்த மனிதர் செத்தாலும் இவரைப் பார்த்து எழுதமாட்டார்.

பிறகு ஒரு பெரிய நிறுவனம் இரண்டு நிலையங்களையும் வாங்கியது. சிமெண்டு விற்பவர்கள், பேருந்து விடுபவர்கள், செய்தியையும் விட்டுவைப்பானேன் என்று நினைத்திருப்பார்கள். பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிச்சப் பேரை ஒரே கட்டடத்தில் திணித்தார்கள். எதிர்க்கடைக்காரர் அக்காவுக்கு மேல்மாடிக்கு வந்து சேர்ந்தார். இரண்டு டிவிக்கும் ஒரே செய்தி தலைமை அலுவலகத்திலிருந்து எழுதியே வந்தது, வாசிக்கிற முகம் மட்டும்தான் வேறு. திரையின் கீழே ஓடும் வரியையும் அவர்களே நேராக ஓட்டினார்கள். மகள் படிப்பு முடியட்டும் என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பாலத்தருகே பேருந்து ஒன்று கவிழ்ந்தது. சிலர் இறந்துபோனார்கள். ஓட்டுநர் கால் உடைந்து மருத்துவமனையில் கிடந்தார். தலைமை அலுவலகத்துச் செய்தியில் ஒரு வரி இருந்தது: ‘ஓட்டுநர் மது அருந்தியிருந்ததாகக் கூறப்படுகிறது.’

அக்கா உடனே போனை எடுத்தார்.

“யாரு சார் கூறினது?”

“நமக்கு வந்த தகவல்மா. சீக்கிரம் வாசிக்க விடுங்க.”

விடவில்லை. மருத்துவமனையில் யாரும் போனை எடுக்கவில்லை. வாசிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் கையை ஆட்டினார். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழக்கதோஷத்தில் எதிர்க்கடை டிவியைப் பார்த்தார். கீழே அதே வரி ஓடிக்கொண்டிருந்தது. அவரே போட்டுவிட்டாரா, அப்படியென்றால் விசாரித்துத்தான் போட்டிருப்பார் என்று மனசு சமாதானம் சொன்னது. அந்த வரியை வாசிக்க விட்டுவிட்டார்.

செய்தி முடிந்ததும் எதிர்க்கடைக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

“பரவாயில்லையே, ஆஸ்பத்திரியில உங்களுக்கு ஆள் இருக்கா? யாரு சொன்னது?”

“எனக்கு யாரு சொல்றது? உங்க டிவில ஓடினதைப் பாத்துத்தானே விட்டேன்!”

அவர் முகம் செத்துப்போயிற்று. “ஐயய்யோ. நான் உங்க டிவில ஓடினதைப் பாத்துத்தான் விட்டேன்.”

இரண்டு டிவியிலும் ஓடியது ஒரே கை எழுதிய வரி. அது இருவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும், அவசரத்தில் இருவரும் பழைய எதிரியை நம்பிவிட்டார்கள்.

அதன்பிறகு மருத்துவர் கிடைத்தார். “ரத்தத்துல ஒரு துளி கிடையாதே! எங்களை யாரும் கேக்கவே இல்லையேம்மா” என்றார். பணிமனையில் விசாரித்தால், பிரேக் பிடிக்கவில்லை என்று அந்த ஓட்டுநரே முன்பே முறையிட்டிருக்கிறார். அக்கா திருத்தம் போட வேண்டும் என்று தலைமை அலுவலகத்திடம் கேட்டார்.

“ஏம்மா, அது நம்ம பஸ்ஸும்மா” என்று பதில் வந்தது.

நீங்களாவது போடுங்க என்றதற்கு எதிர்க்கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, “எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்குங்க” என்றார். அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. தன் கையாலேயே எழுதி அடுத்த செய்தியில் வாசிக்க வைத்தார்: ஓட்டுநர் மது அருந்தவில்லை என மருத்துவர் கூறினார், முன்பு சொன்னது தவறு, வருந்துகிறோம். அந்தச் செய்தி முடிவதற்குள் போன் வந்துவிட்டது. நாளையிலிருந்து அவர் வரவேண்டியதில்லை.

மறுநாள் காலையில் மருத்துவமனைக்குப் போனார். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் திருத்தம் போட்டாயிற்று, வேலையையே விலையாகக் கொடுத்துப் போட்டது, அதைச் சொன்னால் அந்தக் குடும்பத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார். ஓட்டுநர் கால்கட்டோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவர் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“அந்த டிவில வேலை பாத்தவம்மா நான். உங்க வீட்டுக்காரரைப் பத்தி தப்பா சொல்லிட்டோம். அப்புறம் திருத்திச் சொன்னோம். பாத்தீங்களா?”

“இல்லீங்க. அதுக்கப்புறம் நாங்க எங்க டிவி பாத்தோம்?”

அந்தப் பெண் சண்டைக்கு வரவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

“ஒரு டிவில சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேங்க. ரெண்டுலயும் அதையே சொன்னாங்களே. இவரு அதைத் தொட்டதே இல்ல, எனக்குத் தெரியாதா? ஆனாலும் கண்ணு முழிச்சதும் மொத வார்த்தையா ‘ஏங்க குடிச்சீங்க’ன்னு கேட்டுட்டேன். அப்ப அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தவருதான்.”