டிஸ்பென்சரியில் யார் படுப்பது

சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகள் எங்களுடையவை. லைனின் கடைசியில் சுரங்கக் கம்பெனி காலத்து டிஸ்பென்சரி ஒன்று பூட்டிக் கிடந்தது. வீடில்லாதவர்கள் இரவில் தங்க அதைக் கொடுக்கலாம், ஆனால் லைன் ஜனங்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள் நகரசபையில். அவ்வளவுதானே என்று நினைத்தேன். எனக்கு எல்லாமே அவ்வளவுதானே.

நான் யாருக்காக அலைந்தேன் என்பதில் ரகசியம் இல்லை. பெங்களூர் வேலைக்காகத் தினமும் விடியற்காலையில் ஊரிகம் ஸ்டேஷனில் வண்டி பிடிக்கிறேன். பிளாட்பாரத்து பெஞ்சில் ஒரு பெரியவர் படுத்திருப்பார். ஆள் சேர ஆரம்பித்ததும் எழுந்து இடம் விடுவார். பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பழகிவிட்டோம். நகரசபைக்குப் போய்வந்த மறுநாளே, "குளிர் வர்றதுக்குள்ள உங்களுக்கு ஒரு ரூம்" என்று சொல்லிவிட்டேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். லேப்டாப்பில் படமெல்லாம் போட்டு வைத்திருந்தேன். சரியாக அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். எங்கள் பக்கம் தண்ணீர் வருகிற அன்று கல்யாணமே நடந்தாலும் பாதிப் பேர் குழாயடியில்தான் இருப்பார்கள். லேப்டாப்பை மூடிவிட்டு, இரண்டு குடங்களோடு நானும் போனேன். வரிசையை விட்டு நகர முடியாத ஜனங்கள். இதைவிட நல்ல கூட்டம் எங்கே கிடைக்கும்?

"இன்னாப்பா, கூட்டம் நம்மளத் தேடிக்கினு வந்துடுச்சி?" என்றார் எதிர்வீட்டு அக்கா.

விஷயத்தைச் சொன்னேன். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. கக்கூஸ் எந்தப் பக்கம், ராத்திரி சாவி யாரிடம் என்று, என் படங்களில் இல்லாத கேள்விகளாகக் கேட்டார்கள். கடைசியில் எதிர்வீட்டு அக்கா குடத்தை இறக்கி வைத்தார்.

"பொம்பளைங்கன்னா கையெழுத்துப் போடறேன். ஆம்பளைங்க வாணாம். எம் பொண்ணு ராத்திரி வண்டியில வந்து அந்த வாசலத் தாண்டித்தான் நடந்து வரணும். யாரு எவருன்னு தெரியாதவன் அங்க ஒக்காந்துக்கினு இருந்தா?"

"ஸ்டேஷன்ல இருக்கற பெரியவரு அப்படிப்பட்டவரு இல்லக்கா."

"உனுக்குத் தெரியும். எனுக்கு?"

அவர் மகளும் நானும் ஒரே வண்டியில்தான் திரும்புகிறோம். அவள் பயந்து நடக்கிற வழியில் நான் பாட்டு கேட்டுக்கொண்டே நடக்கிறேன். அக்கம்பக்கத்தைக் கேட்டுத்தான் திட்டம் போடவேண்டும் என்று மூச்சுக்கு மூச்சு சொன்னவன் நான். கேட்டால் பதில் சொல்வார்கள் என்பதைத்தான் யோசிக்கவில்லை. பெண்களுக்கு மட்டும் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

மறுநாள் பெஞ்சில் சொன்னேன்.

"அப்ப இன்னா, பொடவ கட்டிக்கினு வரட்டா?" என்று சிரித்தார் பெரியவர்.

ஒரு தடவை குழாயடிக்கு வாருங்கள், எல்லோரும் பார்த்துப் பேசினால் ஒத்துக்கொள்வார்கள் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"பொண்ணு பாக்கறாங்களா என்னை? நான் நல்லவன்னு நாலு பேரு முன்னால நின்னு காட்டணுமா? போப்பா."

அவர் சொன்னதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால், "ரோஷக்காரரா?" என்று மட்டும் கேட்டார்.

டிஸ்பென்சரிக்குச் சில பெண்கள் வந்து சேர்ந்தார்கள். குளிரும் வந்தது. ஒருநாள் காலை, மகளை வழியனுப்புகிற சாக்கில் அக்கா ஸ்டேஷனுக்கு வந்து பெஞ்சுக்கு எதிரில் நின்றார்.

"இந்தக் குளுர்ல எப்பிடித் தூங்கறீங்க?"

"கண்ண மூடிக்கினு."

மகள் களுக்கென்று சிரித்தாள். பெரியவர் அவளைக் கை காட்டினார். "இந்தப் பொண்ணு உங்களுதா? நகர்ற வண்டியில ஓடி ஏறுது. ஏறாதன்னு கத்தனா திரும்பிக்கூடப் பாக்கல."

"ஓடற வண்டியில ஏறினியாடி நீ?"

வண்டி வரும்வரை அவளுக்குத்தான் பாட்டு. நாங்கள் ஏறியதும் அக்கா ஜன்னலோரம் வந்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, டிஸ்பென்சரிக்குப் பின்னால கம்பவுண்டர் ரூமு, அதுக்கு ரோட்டுப் பக்கம் தனி வாசல் இருக்குதில்ல? சாவி யாராண்ட இருக்குது, கேட்டு வை."

"நான் வரேன்னு யாரு சொன்னது?" என்று பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"உங்களக் கேக்கல. சாவியக் கேட்டேன்" என்றார் அக்கா.