எட்டு அடை விரதம்

வில்லியனூரில் மளிகைக்கடை வைத்திருந்தேன். புதுச்சேரிக்கு ஸ்கேன் வந்த புதிது. வயிறு கனக்கிறது என்று போய் எடுத்த படத்தைப் பார்த்த டாக்டர், "ஈரல்ல கொழுப்பு. எவ்ளோ நாளா குடிக்கிறீங்க?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "சாராயத்தைத் தொட்டதே இல்ல. இருபது வருஷமா சனிக்கிழமை விரதம்" என்றேன்.

என் மனைவி பெருமையாகச் சேர்ந்துகொண்டாள். "அன்னிக்கு சோத்துப் பக்கமே போவ மாட்டாருங்க. நெய் ஊத்தி எட்டு அடை, வெல்லம், அரை சீப்பு பழம், பாயசம். அவ்ளோதான்."

டாக்டர் சிரிக்கவில்லை. "விரதம் நல்லதுதான். இனிமே இருந்து பாருங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை தண்ணீர் மட்டும் குடித்தேன். மற்ற நாட்களில் இருட்டுமுன் சாப்பாட்டை முடித்தேன். ஏழெட்டு மாதத்தில் கொழுப்பு குறைந்தது.

ஆனால் நான் மறக்காதது அந்தச் சனிக்கிழமையைத்தான். பெருமாள் பெயரைச் சொல்லி இருபது வருஷம் சாப்பிட்டவனுக்கு அன்றுதான் பசித்தது.